மாத்திரை எடுத்துக் கொடுப்பவரிடம் என்ன பேசுவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். தங்கைக்கு 28 வயது. முதலில் ஒரு கண் மங்கியது. சில மாதம் கழித்துக் கால் மரத்துப்போனது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்று தெரிந்திருக்கிறது. நரம்பியல் மருத்துவர் டைமெத்தில் ஃபியூமரேட் எழுதியிருக்கிறார். கிளம்பும்போது செவிலியர், "மருந்தாளுநரிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்" என்றாராம். மாத்திரை எடுத்துக் கொடுப்பவரிடம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

அந்தச் செவிலியர் நல்லது செய்திருக்கிறார். நான் 17 வருஷமாக ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். எம்.எஸ். உள்ள பலரை வருஷக்கணக்கில் எனக்குத் தெரியும். அவர்கள் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவை. மருந்து வாங்க வருவது மாதா மாதம். இடையில் காய்ச்சல் வரும், சிறுநீர் எரிச்சல் வரும், கல்யாணப் பேச்சு வரும், ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துபோகும். நான் பார்த்த கெடுதல்களில் பாதிக்கு மேல் அந்த இடைப்பட்ட நாட்களில் நடந்தவைதான். அந்த நாட்களில் கூப்பிட்டால் எடுக்கக்கூடிய, மருந்து தெரிந்த ஓர் ஆள் வேண்டும். மருந்தாளுநர் அதற்குத்தான்.

நோயைப் பற்றி உங்களுக்கு மருத்துவர் சொல்லியிருப்பார், சுருக்கமாகத் தாண்டுகிறேன். மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் இருக்கும் நரம்பு இழைகளுக்கு மையலின் என்று ஓர் உறை உண்டு. உடலின் எதிர்ப்பு அணுக்களே அந்த உறையை அரிப்பதுதான் நோய். உலகத்தில் சுமார் 28 லட்சம் பேருக்கு இருப்பதாக 2020இல் கணக்கிட்டார்கள். பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். 1993இல் அமெரிக்காவில் இன்டர்ஃபெரான் பீட்டா ஊசிக்கு அனுமதி கிடைக்கும்வரை நோயின் போக்கை மாற்றும் மருந்து என்று ஒன்றுமே இல்லை. இன்றைக்கு இருபதை ஒட்டி இருக்கின்றன. இவை நோயை வேரோடு எடுப்பதில்லை, அடுத்த தாக்குதல் வருவதைக் குறைக்கின்றன. வராத தாக்குதல் கண்ணுக்குத் தெரியாது. பக்க விளைவு முதல் நாளே தெரிந்துவிடும். பாதியில் மருந்தை நிறுத்தியவர்களிடம் ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் வேறு வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

இப்போது உங்கள் தங்கையின் மருந்து. டைமெத்தில் ஃபியூமரேட்டை முதல் 7 நாள் 120 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று. எட்டாம் நாளிலிருந்து 240 மில்லிகிராம், அதே இரண்டு வேளை. சிலருக்கு மருத்துவர் இதைவிட மெதுவாக ஏற்றுவார், சீட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள். மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் சிவந்து, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும், அரிக்கும். மருந்து சாப்பிடுபவர்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு இது வருகிறது. நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, சூடும் அரிப்பும்தான் தெரியும். முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால் வீட்டில் எல்லோரும் அலர்ஜி என்று பயந்து அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். இது பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கிப்போகும். ஆனால் உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அது வேறு, அப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் நாளே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

எரிச்சலைக் குறைக்க எளிய வழி, வெறும் வயிற்றில் போடாமல் இருப்பது. காலையில் வெறும் காபியோடு போட்டுவிட்டு அவஸ்தைப்பட்டவர்கள் அநேகம் பேர். சாப்பாட்டில் கொஞ்சம் கொழுப்பும் புரதமும் இருந்தால் வயிற்று வலி, வயிற்றுப்போக்கும் குறைகிறது. இரண்டு இட்லி என்றால் கூடவே நிலக்கடலைச் சட்னியோ ஒரு முட்டையோ இருக்கட்டும். கேப்சூலைத் திறந்து தூளைத் தண்ணீரில் கலக்கக் கூடாது, கடிக்கக் கூடாது; உள்ளே இருப்பது வயிற்றைத் தாண்டிக் குடலில் கரைவதற்காகப் பூச்சு போட்டது. சில மருத்துவர்கள் கேப்சூலுக்கு அரை மணி நேரம் முன்னால் ஆஸ்பிரின் எழுதுவார்கள், எரிச்சல் குறையும். ஆனால் அதை நீங்களாகவே வாங்கிப் போட வேண்டாம். அல்சர் இருந்தவர்களுக்கு ஆகாது. நம் ஊரில் மழைக்காலத்தில் டெங்கு வேறு உண்டு. காய்ச்சல் அடிக்கும் நாளில் ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் கிட்டவே வரக் கூடாது, பாரசிட்டமால் மட்டும்தான்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. இந்த மருந்து லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களைக் குறைக்கும். கொஞ்சம் குறைவது எதிர்பார்த்ததுதான். மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போய் ஆறு மாதத்துக்கு மேல் அங்கேயே கிடந்தால் ஆபத்து. ஜே.சி. வைரஸ் என்று பலர் உடலிலும் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு கிருமி அப்போது மூளையைத் தாக்கக்கூடும். அப்படி நடப்பது மிக அரிது, ஆனால் இந்த மருந்தில் நடந்திருக்கிறது, 2014இல் முதல் மரணம் பதிவானது. அதனால்தான் ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, அப்புறம் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கும் மருத்துவர்களும் உண்டு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் லேப் ரிப்போர்ட்டுகள் பலவற்றில் லிம்ஃபோசைட் விழுக்காடாக மட்டும்தான் வரும். மொத்த வெள்ளணு 4,000, லிம்ஃபோசைட் 12% என்று இருக்கும். பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. பெருக்கிப் பாருங்கள், 480. எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. நான் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஓரமாக அந்த எண்ணைப் பென்சிலால் எழுதி, தேதியும் போட்டுத் தருவேன். மருத்துவர் மூன்று ரிப்போர்ட்டை வரிசையாக வைத்துப் பார்த்தால் இறங்குமுகம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். உங்கள் மருந்தாளுநரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள், ஒரு நிமிஷ வேலை.

ஒரே மருந்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன். ஆனால் மருந்தாளுநர் உண்மையில் உயிரைக் காக்கிற இடம் இதுவல்ல, வெவ்வேறு மருத்துவர்களின் சீட்டுகள் ஒன்றோடொன்று மோதும் இடம். அதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

எம்.எஸ். கொஞ்சம் முற்றியவர்களுக்குக் காலில் இறுக்கம் வரும். அதைத் தளர்த்த டிசானிடின் கொடுப்பார்கள். அதே ஆட்களுக்குச் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் நீர் தங்கும், தங்கினால் தொற்று வரும். தொற்று வந்தால் வீட்டுப் பக்கத்து மருத்துவரிடம் போவார்கள். அவர் சிப்ரோஃபிளாக்சசின் எழுதுவார். அவர்மேல் தப்பில்லை, சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமாக எழுதும் மருந்துதான், நோயாளியும் காலுக்குச் சாப்பிடும் மாத்திரையைச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் டிசானிடினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியைச் சிப்ரோஃபிளாக்சசின் முடக்கிவிடும். ரத்தத்தில் டிசானிடின் ஏறத்தாழ பத்து மடங்கு ஏறும் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் சரிந்து, தூக்கம் சொக்கி, எழுந்து நின்றால் மயங்கி விழுவார்கள். ஏற்கெனவே தடுமாறி நடப்பவர் விழுந்தால் இடுப்பெலும்பு போகும்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்கு இது நடந்தது. 46 வயது. இரண்டு மாத்திரைகளையும் ஒரே கடையில்தான் வாங்கியிருந்தார்கள். கல்லாவில் இருந்த பையன் சீட்டைப் பார்த்தான், அட்டையைக் கிழித்துக் கொடுத்தான், சில்லறை கொடுத்தான். இரண்டாம் நாள் குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்து எங்களிடம் வந்தார்கள். குடும்பம் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டிருந்தது. மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து டிசானிடின் வாங்கும் ஒவ்வொருவர் அட்டையிலும் "சிப்ரோஃபிளாக்சசினோடு சேராது" என்று சிவப்பு மையால் எழுதுகிறேன். மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்சமினும் இதே வகை மோதல்தான். தொற்றுக்கு வேறு ஆன்டிபயாட்டிக் இருக்கிறது, மருத்துவருக்குப் போன் செய்தால் மாற்றித் தருவார். யாராவது கவனித்தால் போதும்.

சிறுநீர்த் தொற்றில் இன்னொரு விஷயமும் உண்டு. உடம்பில் சூடு ஏறினால் உறையிழந்த நரம்பில் சமிக்ஞை போவது இன்னும் தடுமாறும். பழைய அறிகுறி எல்லாம் திரும்ப வந்ததுபோல இருக்கும், பார்வை மங்கும், கால் துவளும். வில்ஹெல்ம் ஊட்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே இதை எழுதி வைத்தார். காய்ச்சலில் வரும், வெந்நீர்க் குளியலில் வரும், கத்திரி வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் வரும். இது புதுத் தாக்குதல் இல்லை, சூடு தணிந்தால் சரியாகிவிடும். ஆகவே "நோய் திரும்ப வந்துவிட்டது, போன தடவை ஏற்றிய ஸ்டீராய்டு இருக்கிறதா" என்று கேட்டு யாராவது வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, காய்ச்சல் உண்டா, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா என்பதுதான். கிருமி உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு ஏற்றினால் தொற்று பெருகும். உண்மையான தாக்குதல் என்று மருத்துவர் உறுதி செய்தால் மெத்தில்பிரெட்னிசோலோன் தினம் 1 கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் ஏற்றுவார்கள். அந்த நாட்களில் சர்க்கரை எகிறும், வாய் உலோகம்போலக் கசக்கும், ராத்தூக்கம் போகும். காலையிலேயே ஏற்றச் சொன்னால் தூக்கம் கொஞ்சம் தப்பும்.

சிறுநீரை அடக்க முடியாமல் ஓடுபவர்களுக்கு ஆக்சிபியூட்டினின், சோலிஃபெனசின் போன்றவை தருகிறார்கள். நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின். சளி பிடித்தால் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை ஒன்று. மூன்றும் வெவ்வேறு வேலைக்கு என்றாலும் மூன்றுமே வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், மூளையை மந்தமாக்கும். "கொஞ்ச நாளாக மறதி அதிகம், நோய் மூளைக்கு ஏறிவிட்டதா?" என்று கேட்டவர்களில் சிலருக்கு, மருத்துவரிடம் பேசி ஒரு மாத்திரையை மாற்றியதும் தெளிந்திருக்கிறது.

நிறுத்தக் கூடாத மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறுக்கத்துக்குத் தரும் இன்னொரு மருந்து பேக்லோஃபென். பல மாதம் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் விட்டால் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், இறுக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பொங்கலுக்குக் கடை நாலு நாள் மூடியிருந்தது என்ற காரணத்துக்காக வலிப்பு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். எம்.எஸ். தாக்குதலைக் குறைக்கத் தரும் ஃபிங்கோலிமோட் வேறு விதம். முதல் மாத்திரை போட்டதும் இதயத் துடிப்பு குறையும் என்பதால் 6 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள். முதல் மாதம் தாண்டியபின் 14 நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடியும் அதே 6 மணி நேரம். ஆரம்ப வாரங்களில் இந்தக் கெடு இன்னும் குறைவு. முழுக்க நிறுத்தினால் அடக்கி வைத்த நோய் சில வாரத்திலோ மாதத்திலோ முன்னைவிட வேகமாகப் பாயவும் கூடும். இவையெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் தேதியோடு இருக்கும். இந்த மாதம் ஒருவர் மாத்திரை வாங்க வரவில்லை என்பது முதலில் தெரிவது எங்களுக்குத்தான், கூப்பிட்டுக் கேட்பது எங்கள் வேலை.

ஃபிங்கோலிமோட் பற்றி நம் வீடுகளுக்கென்றே ஒன்று. ஆரம்பிக்கும் முன் சின்னம்மை எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள், இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக் காத்திருந்துவிட்டு ஆரம்பிப்பார்கள். காரணம், இந்த மருந்தின்போது சின்னம்மை உயிருக்கே ஆபத்தாகலாம். நம் ஊரில் அம்மை போட்டால் மருந்து கொடுக்கக் கூடாது என்று பல வீடுகளில் இன்னும் வழக்கம். அந்த நம்பிக்கையோடு நான் சண்டை போடுவதில்லை. வேப்பிலை கட்டுங்கள், தாய்க்கு வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் முதல் கொப்புளம் தெரிந்த அன்றைக்கே நரம்பியல் மருத்துவருக்குப் போன் போட்டுவிடுங்கள் என்று சொல்வேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

உங்கள் தங்கைக்கு 28 வயது என்பதால் அடுத்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டெரிஃப்ளுனோமைட் என்றொரு எம்.எஸ். மாத்திரை இருக்கிறது. தினம் ஒன்று, உணவோடு சம்பந்தமில்லை, உள்நாட்டுத் தயாரிப்புகளும் இருப்பதால் பலருக்கு எழுதுகிறார்கள். ஆனால் கருவுக்குக் கேடு செய்யக்கூடியது. அதைவிட முக்கியம், நிறுத்திய பிறகும் சிலர் உடலில் இரண்டு வருஷம்வரை தங்கும். இன்றைக்கு நிறுத்திவிட்டு மூன்று மாதத்தில் பிள்ளை உண்டாகலாம் என்று கணக்குப் போட முடியாது. கொலஸ்டிரமைன் தூளை 8 கிராம் வீதம் தினம் மூன்று வேளை, 11 நாள் கொடுத்து மருந்தை வெளியே இழுக்கும் முறை ஒன்று உண்டு, ரத்தத்தில் அளவு பார்த்து உறுதி செய்த பிறகே குழந்தைக்கு முயல வேண்டும். டைமெத்தில் ஃபியூமரேட் அப்படி இல்லை, சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். இருந்தாலும் கருத்தரித்த பிறகு சொல்வதைவிட யோசிக்கும்போதே மருத்துவரிடம் சொல்வது நல்லது. இன்டர்ஃபெரான், கிளாட்டிராமர் என்ற எம்.எஸ். ஊசிகள் இந்த விஷயத்தில் நீண்ட அனுபவம் உள்ளவை, குழந்தை வேண்டுமென்று காத்திருக்கும் பெண்களுக்கு மருத்துவர்கள் அவற்றை யோசிப்பது அதனால்தான்.

இதைக் கவுண்டரில் நின்றுகொண்டு பேச முடியாது. பக்கத்தில் மாமியார் நிற்பார், நோயின் பெயரே புகுந்த வீட்டில் தெரியாது. ஒரு பெண் மூன்று மாதம் என்னிடம் மருந்து வாங்கினார், கணவரோடு வந்த நாளெல்லாம் "வைட்டமின் மாத்திரை கொடுங்க சார்" என்றுதான் கேட்டார். நான் புரிந்துகொண்டேன். பிறகு தனியாக வந்தபோது உட்கார வைத்துப் பேசினோம். அவர் சாப்பிட்டது டெரிஃப்ளுனோமைட், கருத்தடை எதுவும் இல்லை. அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் பேசினோம், மருந்து மாறியது. எம்.எஸ். மருந்து கொடுக்கும் எந்த மருந்தகத்திலும் கதவு சாத்திப் பேச ஒரு சின்ன அறை கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் தங்கை தனியாகப் பேச விரும்பினால் நீங்கள் வெளியே நில்லுங்கள், அண்ணன் என்ற உரிமையில் உள்ளே உட்கார வேண்டாம்.

ஊசி மருந்துகளுக்கு வெப்பம்தான் எதிரி. இன்டர்ஃபெரானும் கிளாட்டிராமரும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கிளாட்டிராமர் வெளியில் ஒரு மாதம்வரை தாங்கும் என்று போட்டிருக்கும், ஆனால் அது 30 டிகிரிக்குள். மே மாதத்தில் மதுரையிலோ வேலூரிலோ எந்த அறை 30 டிகிரியில் இருக்கிறது? ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம், ஃபிரீசர் பக்கம் வேண்டவே வேண்டாம், உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். வாங்கிக்கொண்டு போகும்போது ஐஸ் கட்டி ஊசியைத் தொடாமல் துணி சுற்றியிருக்க வேண்டும். போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் வலி குறையும். ஒரே இடத்தில் போடாமல் தொடை, வயிறு, கை என்று மாற்றிப் போட வேண்டும், இல்லையென்றால் அங்கே கொழுப்பு கரைந்து பள்ளம் விழும். கிளாட்டிராமர் போட்ட சில நிமிஷத்தில் நெஞ்சு இறுகி, படபடத்து, கால் மணி அரை மணியில் தானே அடங்கும் ஒரு விளைவு உண்டு என்று நாங்கள் வருஷக்கணக்கில் தைரியம் சொல்லி வந்தோம். 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதிலேயே உயிருக்கு ஆபத்தான அலர்ஜியும் வரலாம், பல வருஷம் போட்டபிறகும் வரலாம் என்று எச்சரிக்கை கொடுத்தது. ஆகவே இப்போது சொல்வதை மாற்றிக்கொண்டோம். அடங்காமல் கூடிக்கொண்டே போனாலோ மூச்சு திணறினாலோ காத்திருக்க வேண்டாம்.

ரத்தக் குழாயில் ஏற்றும் எம்.எஸ். மருந்துகள் மருத்துவமனைக்குள் நடப்பவை, உங்களுக்கு இப்போது தேவையில்லை. ஒன்று மட்டும். ரிட்டுக்சிமாப், ஆக்ரிலிசுமாப் போன்றவை ஏற்றும் முன் ஹெபடைட்டிஸ் பி பார்த்தே ஆக வேண்டும், நம் நாட்டில் காசநோயும் பார்ப்பார்கள். வேண்டிய தடுப்பூசிகளை அதற்கு முன்பே போட்டு முடிக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பு மருந்தகத்தில் நடந்தால் எவ்வளவு பலம் என்பதற்கு நேட்டலிசுமாப் என்ற இன்னொரு எம்.எஸ். மருந்து சாட்சி. 2004இல் வந்தது, நான் முன்னே சொன்ன மூளைத் தொற்றால் 2005 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவில் திரும்ப வந்தபோது, பதிவு செய்த மருத்துவர், பதிவு செய்த மருந்தகம், பதிவு செய்த மையம் மூலம் மட்டுமே தரலாம் என்ற கட்டுப்பாட்டோடு வந்தது.

சீட்டில் இல்லாமல் வீட்டில் சாப்பிடுபவற்றுக்கு வருகிறேன். இதை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை, கேட்டால் திட்டுவாரோ என்ற பயம். வைட்டமின் டி தூள் 60,000 யூனிட், வாரத்துக்கு ஒன்று என்று எழுதியிருப்பார்கள். தினம் ஒன்றாகக் குடித்துவிட்டு, கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலுமாக வந்தவர்கள் உண்டு. நான் உறையிலேயே "ஞாயிறு" என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். டெரிஃப்ளுனோமைட்டில் முடி மெலியும், உடனே பயோட்டின் மாத்திரை வாங்குவார்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனைகளைத் தப்பாகக் காட்டும், ரத்தம் கொடுக்கும் முன் சொல்ல வேண்டும். பயோட்டினே எம்.எஸ்.ஸுக்கு நல்லது என்று ஒரு பேச்சும் இருந்தது, 2020இல் வெளியான பெரிய ஆய்வில் பயன் தெரியவில்லை. சீந்தில் கொடி பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கோவிட் நாட்களில் எதிர்ப்புச் சக்திக்கு என்று எல்லோரும் குடித்தார்கள். அதனால் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். எம்.எஸ்.ஸில் எதிர்ப்புச் சக்திதான் வழிதவறி நம்மையே தாக்குகிறது, அதைத் தூண்டும் பொருளைத் தேடிப்போய்ச் சாப்பிடுவதில் நியாயமில்லை. எங்கள் வீட்டிலும் சித்த மருந்து உண்டு, எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. எதைச் சாப்பிட்டாலும் மருந்தாளுநரின் பட்டியலில் அது இருக்கட்டும் என்பதுதான் நான் கேட்பது.

எல்லாக் கடையிலும் இப்படிப் பேச ஆள் இருப்பாரா? இருக்க மாட்டார், அதை மறைக்க வேண்டியதில்லை. பல கடைகளில் மருந்தாளுநரின் பெயர் சுவரில் மாட்டிய உரிமத்தில் மட்டும் இருக்கும். ஆனால் 2015ஆம் ஆண்டின் மருந்தாளுமைத் தொழில் விதிமுறைகள், நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வதை மருந்தாளுநரின் பொறுப்பாகவே வைத்திருக்கின்றன. 2008இலிருந்து பார்ம்.டி. என்ற ஆறு வருஷ மருந்தாளுநர் படிப்பு நம் நாட்டில் நடக்கிறது, அதில் ஒரு வருஷம் மருத்துவமனையிலேயே பயிற்சி. உங்கள் நரம்பியல் மருத்துவர் இருக்கும் மருத்துவமனையில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், உரிமத்தில் பெயர் உள்ளவர் கடையில் நேரில் இருக்கும் ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து, சளி மாத்திரை உட்பட எல்லாவற்றையும் அங்கேயே வாங்குங்கள். நாலு கடையில் நாலு தள்ளுபடிக்காகப் பிரித்து வாங்கினால் மோதல்களைப் பிடிக்க யாருமில்லை. வேறு கம்பெனி மருந்து மலிவாக இருந்தால் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் அதே மூலப்பொருள், அதே அளவு, அதே வகைக் கேப்சூல்தானா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். நடக்கச் சிரமப்படுபவர்களுக்குத் தரும் ஃபாம்பிரிடின் போன்ற மெதுவாகக் கரையும் மாத்திரைகளில் இது ரொம்ப முக்கியம், உடைத்துப் போட்டால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு.

செலவுக்கு: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயர் சொல்லியே இருக்கிறது. பாதிப்பின் அளவைப் பொறுத்துச் சான்றிதழ் கிடைக்கும். 1985இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு, இதே நோயோடு இருப்பவர்களிடம் பேசுவது உங்கள் தங்கைக்கு நான் சொல்வதைவிட அதிகத் தெம்பு தரும்.

சரி, முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுபோவது? வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், தூள், லேகியம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், போட்ட தடுப்பூசிகள், குழந்தை பற்றிய திட்டம், ஏதாவது அலர்ஜி. முதல் கேப்சூலை வீட்டில் யாராவது கூட இருக்கும் ஒரு விடுமுறை நாளில், காலைச் சாப்பாட்டோடு ஆரம்பியுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம். அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியை மருந்து ஆரம்பிக்கும் அன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள். எட்டாம் நாளுக்கு வேண்டிய 240 மில்லிகிராம் கேப்சூல் கையில் இருக்கிறதா என்று நாலாம் நாளே பாருங்கள், எல்லாக் கடையிலும் இருப்பு வைக்கும் மருந்து இல்லை இது, சொல்லி வைத்தால்தான் வரும்.